வெட்டுக்காயப் பூண்டும் இடது காலும்

உங்கள் சுவரோரம் அழகான பூ ஒன்று முளைத்திருக்கிறது, ஐயா. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றையாக, நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஐந்தாறு வெள்ளை இதழ். வெட்டுக்காயப் பூண்டு. தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறீர்கள். பரவாயில்லை, அது கோபித்துக்கொள்ளாது.

அதன் சொரசொரப்பான இலையைக் கசக்கிச் சாற்றை வெட்டுப்பட்ட இடத்தில் விடுவார்கள். கொஞ்சம் எரியும், இரத்தம் நின்றுவிடும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. முடி வளர எண்ணெயில் போட்டும் காய்ச்சுவார்கள். என் தலையைப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டாம்.

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். சர்க்கரை நோயில் இரண்டு பாதங்களும் மரத்துப்போனவர். ஒருநாள் வலது காலால் கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டு, தரையில் இரத்தத்தைப் பார்த்த பிறகு அது யாருடையது என்று தேடினார். பன்னிரண்டு நாள் இலை வைத்துக் கட்டினேன். ஆறியது. ஒரு நன்றி வரும் என்று காத்திருந்தேன்.

“இலை வெக்காட்டியும் ஆறியிருக்கும் மாப்ளே. ஒப்பிட்டுப் பாக்க, இலை வெக்காத காயம் ஒண்ணு இருக்கா? இல்லல்ல? அப்ப இது வைத்தியம் இல்ல, கீரைக்கட்டு.”

என் மூலிகைக் கடையில், வாடிக்கையாளர்கள் எதிரில் சொன்னார். மறுநாளே தெருவுக்கு அது கீரைக்கடை ஆகிவிட்டது. அவமானத்தை விடுங்கள், கேள்வி நியாயமானது என்பதுதான் உறுத்தியது. ஒரே ஆள், ஒரே இரத்தம், ஒரே சர்க்கரை. ஒரு காலில் இலை, மறு காலில் ஒன்றுமில்லை. இதைவிடச் சுத்தமான சோதனையை அவரே வகுப்பில் நடத்தியிருக்க மாட்டார்.

மதியம் அவருக்குக் கால் பிடித்துவிடுவேன். இடது உள்ளங்காலில், வலது காயத்தின் நீளத்துக்கு அளந்து கீறினேன். புது பிளேடுதான். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

“நல்லா அழுத்து மாப்ளே, ஒண்ணுமே தெரியல.”

அதன்பிறகு காலுறை மாற்றுவதையும் நானே ஏற்றுக்கொண்டேன். “உன்ன மாதிரி தம்பி யாருக்குடா கிடைப்பான்?” என்று அக்கா கண்கலங்கினாள்.

நான்காம் நாள் சிவப்பு. ஏழாம் நாள் வாடை. இலை என் சட்டைப்பையிலேயே இருந்தது. வைத்தால் சோதனை கெட்டுவிடும். பத்தாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள், அதற்குள் விஷம் உடம்பெங்கும் ஏறிவிட்டதாம். பதினான்காம் நாள் மச்சான் போய்விட்டார். என் நோட்டில் ‘நிரூபணம்’ என்று எழுதினேன். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

நேற்று அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: “நீ கட்டிட்டுப் போனதும் தினமும் அவுத்துக் கழுவி, ஆஸ்பத்திரி மருந்துதான்டா போட்டேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு அவருதான் இலைய மேல வெச்சுத் திரும்பக் கட்டச் சொன்னாரு.”

அப்படியானால் வலது கால் செல்லாது. ஐயா, எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘நிரூபணம்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அக்காவுக்கும் சர்க்கரை உண்டு. பாதம் மரத்துக்கொண்டு வருவதாகப் போன மாதமே சொன்னாள்.