எலும்புக்கும் சதைக்கும் மட்டும்

அந்த நாற்காலி ஆடும் டாக்டர் தம்பி, இதுல உக்காருங்க. என்ன சொன்னீங்க? உங்க சோதனையில எனக்குக் குடுத்தது அசல் மருந்து, எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது வெறும் மாவு மாத்திரையா? அடப்பாவமே! மாவு தின்ன மனுசனுக்குச் சதை எப்படி ஏறுச்சுன்னு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?

உங்க பெரிய டாக்டர் ஏற்கனவே போன்ல சொல்லிட்டாரு, எல்லாம் மனசுல இருக்கிற நம்பிக்கைதானாம். நம்பிக்கையா, இவருக்கா? ஃபேன் சுத்தும்போதே கரண்டு இருக்கான்னு கேக்குற ஆளு. அப்புறம் உங்க சோதனைக் கணக்குப் பாக்குற அம்மா வந்து, பால் குடிக்கிறாரா, வெயில்ல நடக்குறாரான்னு துருவி எடுத்துட்டாங்க. நடக்குறாரு, டிவி ரிமோட் வரைக்கும். மாவுக்கே காப்புரிமை வாங்கலாமான்னு கம்பெனியில பேச்சு ஓடுதாமே, நெசமா?

மருந்தைக் குத்தம் சொல்லல. நீங்கதானே மொதல்ல படம் போட்டுக் காட்டுனீங்க? பழைய ஹார்மோன் மருந்து உடம்பு பூரா பூந்து பொம்பளைக்கு மீசை மொளைக்க வச்சுடும், இது எலும்புக்கும் சதைக்கும் மட்டும் போகும், வேற எங்கயும் எட்டிப் பாக்காதுன்னு. இவரக் கடைக்கு அனுப்புனா நாலு வீட்டுல நின்னு கதை பேசிட்டுத்தான் வருவாரு. மாத்திரைக்கு இருக்கிற ஒழுக்கம் மனுசனுக்கு இல்லியே!

சிரிக்கிறீங்க. மருந்துக்கு முந்தி எங்க நெலமை சிரிக்கிற மாதிரியா இருந்துச்சு? அவரு குளியலறையில விழுந்தா தூக்கிவிட எனக்குத் தெம்பில்ல. நான் விழுந்தா எலும்பு நொறுங்கிடும், அவரால குனியக்கூட முடியாது. யாருக்கு அசல், யாருக்கு மாவுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு நீங்க சொன்னதும் வீடு வர்ற வரைக்கும் எனக்கு இதே யோசனைதான். ஒருத்தர் எழுந்து நடந்து, இன்னொருத்தர் படுத்தே கெடந்தா அது என்ன குடும்பம் தம்பி?

என்னது? அசல் மருந்து எடுத்தவங்களுக்கு மட்டும் தொடர்ந்து குடுப்பீங்களா? அவருக்கு நிறுத்தியாச்சா? சரி, அதனால என்ன. வீட்டுக்கு வந்ததுமே ரெண்டு டப்பாவையும் ஒரே பாத்திரத்துல கொட்டிக் குலுக்கி, அதுலேர்ந்துதான் ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டிருக்கோம்.

ஏன் தம்பி, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணி குடிங்க. கம்பெனியில ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. இனிமே எனக்குத் தர்ற மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு போட்டுத் தரட்டும். ஒவ்வொண்ணையும் ரெண்டா உடைக்கணும்ல.