பெரிய வீட்டு வழக்கு

"ஹலோ... மாப்பிள்ளையா?... நான்தான்... ஆமா, ஆமா, பெரிய வீட்டுலேருந்துதான்... தங்கச்சிகிட்டக் குடுக்க வேணாம். ஊராட்சித் தலைவரா இருக்கற உங்ககிட்டதான் பேசணும்."

வழக்கு முடிந்த நாளிலிருந்து தங்கை வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாத பெரியவர், ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தபடி பேசினார்.

"பக்கத்துத் தோப்புல பூச்சிமருந்து அடிக்கற வண்டி வந்து நிக்குது... ஆமா, குழாயெல்லாம் மாட்டிட்டான். காத்து நேரா நம்ம வீட்டுப் பக்கம்... குறுக்க பேசாதீங்க மாப்பிள்ளை, கேளுங்க! உள்ள என் பொண்ணு, உங்க மருமக, பச்சப்புள்ளயோட படுத்திருக்கா. போன தடவ அடிச்சப்பவே புள்ளைக்கு மூச்சு இழுத்து, உதடெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. இன்னொரு தடவ தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்... கிளம்பறதா? எப்படி? இருக்கறது ஒரே சந்து. அதுல வண்டிய குறுக்க நிறுத்தியிருக்கானே!"

"...நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஊராட்சி உத்தரவுன்னு ஒரு ஆள அனுப்பி நிறுத்தச் சொல்லுங்க, போதும்... என்ன?... அதிகாரம் இல்லயா?..."

வீடுகளுக்குப் பக்கத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்று ஊராட்சி போட்ட தடையை உடைத்தவரே பெரியவர்தான். தன் தோப்பில் எதை அடிப்பது என்று தங்கை புருஷன் சொல்வதா என்று கோர்ட்டுக்குப் போனார். அந்த அதிகாரம் மேலே இருக்கும் அரசாங்கத்துக்குத்தான், ஊராட்சிக்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. 'பெரிய வீட்டு வழக்கு' என்று ஊர் பேசப் பேச அவருக்கு மார்பு விரிந்தது.

"தெரியும்... தெரியும் மாப்பிள்ளை... ஆமா, உங்க ஆபீஸ் வாசல்ல நின்னு சிரிச்சேன். அத இப்பவா சொல்லிக் காட்டணும்?... நம்ம தோப்புலயா? புள்ளைக்கு அப்படி ஆன அன்னிக்கே நிறுத்திட்டேன்... மேலதானே? பேசிட்டேன். மனு குடுங்க, ஆள் வந்து பாப்பாங்கன்னாங்க. அதுவரைக்கும் புள்ள மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?... பயமா இருக்கு மாப்பிள்ளை... ஆமா, பயம்னுதான் சொன்னேன்."

"...சொல்லாம இருப்பேனா? வேலைக்காரன அனுப்பினேன். வண்டிக்காரன் சிரிக்கறானாம். 'பெரிய வீட்டு வழக்கு இருக்கு, எங்கள எவன் தடுக்கறது'ங்கறானாம். என் வீட்டுப் பேர வச்சே என் வாய அடைக்கறான்... என்ன?... புள்ள இருக்கறதயா?... இல்ல... அதச் சொல்லல. பெரிய வீட்டு உத்தரவு, நிறுத்துன்னு சொல்லச் சொன்னேன்..."

தோப்புப் பக்கம் ஏதோ இருமி, உறுமத் தொடங்கியது.

"ஐயோ... மோட்டார் போட்டுட்டான்... அம்மாடி! புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்னால ரூமுக்குப் போ! கதவச் சாத்து!... மாப்பிள்ளை, இருக்கீங்களா?... யாரு, நானா?... நானே போயா? கூலிக்கு மருந்து அடிக்கறவன்கிட்ட, நாலு பேர் பாக்க..."

உள்ளே குழந்தை இருமியது.

"...சரி... சரி, சரி, போறேன். நீங்களும் வர்றீங்களா?... தலைவரா வேணாம். தங்கச்சி புருஷனா வாங்க... ஓடி வாங்க மாப்பிள்ளை."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வெறுங்காலோடு பெரியவர் சந்தில் இறங்கி ஓடினார். வீட்டு வாசற்படி இறங்கி அவர் யாரிடமும் எதுவும் கேட்கப் போனதில்லை.

"தம்பி!... தம்பி, நிறுத்துப்பா!... ஆமா, பெரிய வீடுதான்... ஆமா, அந்த வழக்கு நான் போட்டதுதான்... உள்ள பச்சப்புள்ள இருக்குப்பா, மூச்சு நின்னுடும்... உத்தரவு இல்லப்பா... கேக்கறேன்... கேக்கறேன்..."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கும்பிடுவதற்காக அவர் இரண்டு கைகளையும் சேர்த்தபோது, நடுவில் அகப்பட்ட போன் அணைந்துபோயிற்று.