என் சாவுப் படம் ஒண்ணு குடுங்க

அட, எதுக்கு முதலாளி எழுந்து ஓடறீங்க? உக்காருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க, ரெண்டு காலும் இருக்கு. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்திருக்கேன். பேய் செருப்பு போடுமா?

ஆமா, நடிகன் கிகுயாவேதான். முப்பத்தஞ்சு வருஷமா பொம்பளை வேஷம் கட்டி, எடோ பட்டணத்து ஆம்பளைங்களைப் பூரா அழ வெச்சவன். என் சாவுப் படம் ஒண்ணு குடுங்க. அதான், நடிகன் செத்தா உடனே அச்சடிச்சு விப்பீங்களே, வெளிர்நீல உடுப்புல ஜபமாலையோட நிக்கறேனே, அது. ஒளிக்காதீங்க, உங்க முட்டிக்குக் கீழ ஓரம் தெரியுது.

ம்ம். வரைஞ்சவன் கெட்டிக்காரன்தான். மூக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். உசிரோட இருக்கறப்ப போட்ட படத்துலயும் இதே மூக்கு, செத்தப்புறமுமா? என்னது, வயசு அம்பத்தெட்டா? அம்பத்தாறு முதலாளி! பொம்பளை வேஷக்காரனுக்கு ரெண்டு வயசு கூட்டிப் போடறீங்களே, அதுக்கு நிஜமாவே கொன்னிருக்கலாம். இந்தக் கடைசிக் கவிதை வேற. நான் எப்ப எழுதினேன் இதை? மூணு வரியில ரெண்டு தடவை பனித்துளி வருது. செத்தவன் எங்க வந்து கேக்கப்போறான்னு தைரியம்!

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. காய்ச்சல்ல பதினோரு நாள் நினைவில்லாம கிடந்தேன். கொட்டகையில என் பேர்ப்பலகையவே இறக்கிட்டாங்களாம். எதிர்க் கடைக்காரன் முந்திக்குவான்னு நீங்களும் அவசர அவசரமா அச்சடிச்சுட்டீங்க. விடுங்க.

நான் வந்தது வேற விஷயமா. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, தெரியுமா? ஓஷினோன்னு பேரு. உங்களுக்கெங்க தெரியும், நான்தான் பேச்சே எடுக்கறதில்லையே. ஒன்பது வருஷம் முன்னாடி, கொட்டகையில திரை இழுக்கற பையனோட கிளம்பிட்டா. போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, மேடையில யாரோ பெத்த புள்ளைக்கு அம்மாவா நின்னு அந்த அழுகை அழறீங்களே, வீட்டுல ஒரு நாளாவது எனக்கு அப்பாவா இருந்தீங்களான்னு கேட்டா. நான், நீ எனக்குச் செத்துட்டடின்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்.

இப்ப ரெண்டு பேரும் ஒதவாராங்கற ஊர்ல ரோட்டோரம் டீக்கடை வெச்சிருக்காங்க. ஊர் திரும்பற ஆள் ஒருத்தன், எடோவுல வாங்கினதுன்னு நீங்க அச்சடிச்ச இந்தப் படத்தை விரிச்சுக் காட்டியிருக்கான். அவ்வளவுதான். அடுப்புல இருந்ததைக்கூட இறக்காம கிளம்பினவ, ரெண்டு நாள் நடந்தே வந்திருக்கா.

நான் முற்றத்தைப் பாத்து உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கேன். அப்பான்னு ஒரு அலறல். ஓடி வந்து விழுந்தா. தலையைத் தூக்கிப் பாக்கறா, நான் வாயில பிளம் ஊறுகாயோட முழிக்கறேன். என்ன பண்ணினா தெரியுமா? அந்த ஆள்கிட்ட வாங்கிட்டு வந்த படத்தைச் சுருட்டி என் மண்டையிலயே நாலு போடு போட்டா! வழியெல்லாம் அழுதேனே, கால்ல பாருங்க கொப்புளம்னு ஒரே திட்டு. திட்டிக்கிட்டே என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. நானும் அழுதேன், மூக்கு ஒழுக, அசிங்கமா. மேடையில ஒரு நாளும் அப்படி அழுததில்ல.

இப்ப வீட்டுல அவ ராஜ்ஜியம்தான். அப்பா பிழைச்சுட்டாருன்னு பயறு போட்ட சிவப்புச் சோறு ஆக்கி, தெரு முழுக்கக் குடுத்துட்டு வந்தா.

அட, எதுக்கு இப்படி விழுந்து கும்பிடறீங்க? மன்னிப்பா? எனக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தவர் நீங்க. என்ன சொன்னீங்க, அச்சுப் பலகையைச் சீவி வேற படத்துக்கு எடுத்துக்கறீங்களா? வேணாம், வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். பத்திரமா எடுத்து வைங்க. நேத்து வைத்தியர் நாடி பாத்துட்டு, பனி விழற வரைக்கும் தாங்கினா பெரிசுன்னார்.

ஓஷினோ இந்தப் பக்கம் வந்தா வாயைத் தொறந்துடாதீங்க முதலாளி. இப்பதான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா.