ஊர்ஸு எழுதின ஒத்த வரி

எங்க தாத்தா காலராவுல செத்தாரு. அந்த வெள்ளக்காரன் அவரு ஓடிப்போனாருன்னு எழுதிட்டான். அம்புட்டுதான் வே விசயம். நீரு அளவைக் குறிச்சுக்கிடும், சுடலையாண்டி. கல்லு மூணடி போதும். பேரு பொறவு சொல்லுதேன். அவசரப்படாதேயும்.

எந்த வெள்ளக்காரனா? சுவிட்சர்லாந்துக்காரன். பேரு ஊர்ஸு. பேருலயே ஊரை வச்சுக்கிட்டு எங்க ஊரு மானத்தை வாங்க வந்தவன். சிரிக்காதேயும்.

எழுபத்தேழுல வந்தான். மாட்டுப்பண்ணைக்காரன் மவன். பழைய மிஷன் காயிதம், சபை ரிஜிஸ்தர் எல்லாம் படிச்சு சரித்திரம் எழுதப்போறேன்னான். பாளையங்கோட்டையில ரூம்பு. அங்கேருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் சைக்கிள் மிதிப்பான். ஒரே வருசத்துல தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டான். அகராதி இல்லாம ஒரு எட்டு நகர மாட்டான். ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுலதான் சோறு. என் வீட்டுக்காரிதான் பரிமாறுவா. தின்ன சோத்துக்கு அவன் செஞ்ச கைம்மாறு அந்த வரி.

தாத்தா பேரு குருபாதம். வேதக்கோயில்ல ஜெபம் நடத்துத உபதேசியாரு. இருபத்தினாலுல வெள்ளம் வடிஞ்ச கையோட காலரா வந்திருக்கு. தெருவே கதவை அடைச்சுக்கிட்டு. இவரு ஒத்த ஆளா வீடுவீடாப் போயி கஞ்சித்தண்ணி கொடுத்து, செத்தவங்களைத் தூக்கிப் பொதச்சிருக்காரு. பதினாலாம் நாளு அவரையும் கொண்டுபோயிட்டு. தூக்க ஆளில்ல. ஆத்தங்கரையில பத்துப் பேரோட ஒரே குழி. சுண்ணாம்பைப் போட்டு மூடிட்டானுவ. கல்லா? கல்லுக்கு எங்க போவ? சபை ரிஜிஸ்தர்ல அவரைப்பத்தி ஒத்த வரி இருந்து. ஊர்ஸு பாத்துட்டுப் போன பிற்பாடு அதையும் கரையான் தின்னுட்டு.

எண்பத்திரெண்டுல இவன் புஸ்தகம் வந்து. இங்கிலீசு. காலராவுல உபதேசியாரு குருபாதம் வழுவிப்போனாரு, பொறுப்பை விட்டுட்டாருன்னு எழுதியிருக்கான். எண்பத்தாறுல எங்க கோயில்ல, ஊழியத்துல செத்தவங்களுக்குன்னு கல்லு நட்டாங்க. அஞ்சு பேரு. தாத்தா பேரு இல்ல. போயிக் கேட்டேன். வெள்ளக்காரன் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கான், நீரு பேரன், அப்படித்தான் பேசுவீருன்னானுவ. எங்க அப்பா அந்தக் கல்லைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தாரு. அன்னையோட சரி. சாவுற வரைக்கும் கோயில் வாசலை மிதிக்கல.

விடுவேனா? ஹைஸ்கூல்ல இங்கிலீசு வாத்தியாரு வே நான். நாப்பத்தோரு லெட்டரு போட்டேன். பொய்யன்னு எழுதினேன், சோத்துக்கு நன்றியில்லாதவன்னு எழுதினேன். பதிலு போடாம இருக்க மாட்டான். ஆனா ஒரே பதிலு. ரிஜிஸ்தர்ல இருந்ததைத்தான் எழுதினேன். ஏலே, ரிஜிஸ்தர் எங்கலே? கரையான் வயித்துல.

அவன் அங்கன வளந்துக்கிட்டே போறான். டாக்டர் பட்டம். அவன் ஊரு நகரசபையில மெம்பரு. பொறவு மாநிலச் சபை. அவங்க பக்கம் ஊரு மந்தையில கூடி நின்னு கையைத் தூக்கி ஓட்டுப் போடுவானுவளாம். அத்தன கையும் இவனுக்கு. தொண்ணூத்தொண்ணுல பார்லிமெண்டுக்கே போயிட்டான். அங்க நின்னு உண்மை, சரித்திரம்னு பேசுதானாம். எனக்கு எப்படி இருக்கும்? அவன் நின்ன ஒவ்வொரு எலக்சனுக்கும் அவனை எதுத்து நின்னவனுக்கு நான் லெட்டரு போட்டேன். செத்தவரை ஓடினவருன்னு எழுதினவனுக்கா ஓட்டுன்னு. பார்லிமெண்டுக்கு ரெண்டு தடவ ஜெயிச்சான். மூணாந்தடவ கவுந்தான்.

என் லெட்டராலயான்னு கேக்கீரா? நான் அப்படித்தான் வச்சிருக்கேன். அன்னைக்கு உவரிக்காரி கூடையில சீலா மீனு ரெண்டு கிலோ வாங்கினேன். என்ன விசேசம்னு வீட்டுல கேட்டா. ஒருத்தன் விழுந்துட்டான்னேன். குழம்பு வச்சுக் கொடுத்தா. அவ ஒரு வாயி தின்னல.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல அவன் பொண்டாட்டி செத்துட்டா. தெரிஞ்சவங்க எல்லாத்துக்கும் கார்டு அனுப்பியிருந்தான். எனக்கும் வந்து. கிழிச்சுப் போட்டேன். என் வீட்டுக்காரி பொறுக்கி ஒட்டவச்சிருக்கா, எனக்குத் தெரியாது. தமிழ்ல ஒரு லெட்டரும் எழுதியிருக்கா. உங்க வீட்டம்மா தவறிட்டாங்கன்னு பாத்தோம், மனசு கேக்கல, நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு.

அவனுக்கு வந்துதே கோவம். என் மனைவி என்ன தவறு செய்தாள்னு பதிலு போடுதான். இவ பதறிப்போயி திரும்ப எழுதுதா. ஐயோ, அவங்க ஒரு தப்பும் செய்யல, நம்மூருல செத்தாங்கன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், தவறிட்டாங்கன்னுதான் சொல்லுவோம்னு.

பத்தாம் நாளு போனு. அழுதுக்கிட்டே பேசுதான். முன்னால ரிஜிஸ்தரைப் பாத்து எழுதின நோட்டு அவன்கிட்ட பத்திரமா இருந்திருக்கு. எடுத்துப் பாத்திருக்கான். குருபாதம் உபதேசியார் காலராவிலே தவறினார். இதான் வே அந்த வரி. அகராதியில தவறுன்னா பிழை. முடிஞ்சு போச்சு. பார்லிமெண்டு வரைக்கும் போன சரித்திரக்காரன், சோறு திங்கையில என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? சரி, நான் என்ன கிழிச்சேன்? நாப்பத்தோரு லெட்டரையும் இங்கிலீசுல எழுதினேன். பெரிய வாத்தியாரு.

புஸ்தகத்தைத் திருத்தி அச்சடிச்சான். கோயிலுக்கு எழுதினான். ஆறாவது பேரா தாத்தா ஏறினாரு. அவனே நேர்ல வந்தான், கம்பு ஊணிக்கிட்டு. வீட்டுக்குள்ள விடல நான். வாசல்லயே நிக்க வச்சேன், மொட்ட வெயில்ல. இவ போயி மோரு கொடுத்தா. குடிச்சிட்டுக் கும்பிட்டான். நான் திரும்பிக்கிட்டேன். போயிட்டான். நல்லா வேணும்.

இவகிட்ட மூணு மாசம் நான் பேசல. ஏன்னு கேக்கீரா? இருபத்தொம்போது வருசமா வச்ச குறி வே. என்னைக்காவது அவனை நாறடிக்கணும்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். பொண்டாட்டி செத்தவனுக்கு ஆறுதல் சொல்லுதேன்னு என் கையில இருந்து பிடுங்கிட்டா. அவ பாட்டுக்கு வருவா, தட்டை வைப்பா, தண்ணி வைப்பா, போயிருவா.

என்னது? இந்தக் கல்லு தாத்தாவுக்கா? அவரு பேரு கோயில்ல ஏறிட்டுன்னு இப்பத்தானே சொன்னேன், காதுல விழலையா? இது போன செவ்வாக்கிழமை என்னை விட்டுட்டுப் போனவளுக்கு. எழுத்தை ஆழமா வெட்டும். மழையில அழியப்பிடாது.

பேருதானே? எழுதிக்கிடும்.

இன்பமணி.