பன்னிரண்டு திருத்தங்கள்

எடிட்டர்: ...அப்போ கண்ணாடி உடையட்டுமா?

டைரக்டர்: உடையட்டும்க்கா.

எடிட்டர்: தம்பி, அவன் பேங்க்ல டோக்கன் குடுக்குறவன். தள்ளினா திறக்குற கதவு அது. எதுக்கு உடைச்சிட்டு வரான்?

டைரக்டர்: ஹீரோக்கா அவன். கதவைத் தள்ளிக்கிட்டா வருவான்?

எடிட்டர்: உடைச்சிட்டு உள்ள வந்து என்ன பண்றான்?

டைரக்டர்: டோக்கன் குடுப்பான்.

எடிட்டர்: சிதறின கண்ணாடியை யாரு கூட்டுறது?

டைரக்டர்: அக்கா...

எடிட்டர்: இல்லப்பா, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். சரி, முதல் திருத்தம் முடிஞ்சுது. பதினோராவது நிமிஷம் நடந்து வந்தவன் ரெண்டாவது நிமிஷமே பறந்து வந்துட்டான். படக் கம்பெனி அனுப்பின லிஸ்ட்ல அடுத்தது படிக்கவா? நீ படிச்சிட்டேல்ல?

டைரக்டர்: வரிவரியா. நேத்து முழுக்க எனக்கு அதானே வேலை.

எடிட்டர்: அந்த சோபால உக்காராத, ஸ்பிரிங் குத்தும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோ... ரெண்டாவது. வீட்டுல படம் பாக்குறவங்க கையில போன் இருக்குமாம். திரையை நிமிர்ந்து பாக்க மாட்டாங்களாம். அதனால யாரு என்ன செஞ்சாலும் அதை வாயால சொல்லணுமாம்.

டைரக்டர்: ஓடிடிகாரங்க கேட்டது. இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான்.

எடிட்டர்: அம்மா அழறாங்க. என்ன சொல்லணும்?

டைரக்டர்: ‘ஐயோ, எனக்கு அழுகையா வருதே’ன்னு டப்பிங்ல சேத்துக்கலாம்.

எடிட்டர்: வாய் மூடியிருக்கே.

டைரக்டர்: முதுகு தெரியற ஷாட் ஒண்ணு இருக்குல்ல? அதைப் போடுங்க.

எடிட்டர்: முதுகு அழுவுது. சரி. அப்பா கதவைச் சாத்துறாரே?

டைரக்டர்: ‘கதவைச் சாத்திடுவோம்.’

எடிட்டர்: வீட்டுல அவர் தனியா இருக்காருப்பா. யார்கிட்ட சொல்றாரு?

டைரக்டர்: தனக்குத்தானே.

எடிட்டர்: வேலை போனதை பெண்டாட்டி பிள்ளைங்ககிட்டகூட மூச்சு விடாத மனுஷன். படத்தோட கதையே அதான். கதவு சாத்துறதை மட்டும் தண்டோரா போட்டுட்டு சாத்துறாரு.

டைரக்டர்: அக்கா, கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தா எப்ப முடிக்கிறது? வெள்ளிக்கிழமை ரிலீஸ்.

எடிட்டர்: என் வாய்தான் பேசுது, கை வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. மூணு. அப்பாவை வேலைய விட்டு அனுப்பின அதிகாரி ரொம்ப சாதாரண ஆளா தெரியறாராம்.

டைரக்டர்: அவருக்கு ஆயுதம் கடத்துற ஆளுங்களோட தொடர்பு வெச்சாச்சு. போன வாரம் அவங்க போன்ல கேட்டப்பவே அதைத் தனியா எடுத்தோமே... குடோன், பெட்டி, துப்பாக்கி...

எடிட்டர்: நீ முதல்ல எழுதினதுல அந்த அதிகாரி ரொம்ப நல்லவரு. ‘மன்னிச்சுக்குங்க சார், மேலேர்ந்து பேர் வந்திருக்கு’ன்னு சொல்லிட்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுப்பாரு.

டைரக்டர்: ஞாபகம் இருக்கு.

எடிட்டர்: அந்தத் தண்ணி டம்ளரைப் பாத்துத்தான் நான் இந்தப் படத்துக்கு ஒத்துக்கிட்டேன்.

டைரக்டர்: ...டம்ளர் குடோன்லயும் இருக்குக்கா. பின்னாடி. ஒரு ஓரமா.

எடிட்டர்: இருக்கட்டும், ஆயுதம் கடத்துறவனுக்கும் தாகம் எடுக்கும். நாலு. வீடு இருட்டா இருக்காம். விளம்பரத்துக்குக் காசு குடுத்த பெயிண்ட் கம்பெனிக்காரங்க வருத்தப்படறாங்களாம்.

டைரக்டர்: கலர் ஏத்திடலாம். சுவர் பளிச்சுன்னு தெரியணும்.

எடிட்டர்: வருமானம் நின்னுபோன வீடுப்பா.

டைரக்டர்: வேலை போறதுக்கு முந்தின வாரம் அடிச்ச பெயிண்ட்.

எடிட்டர்: அடடா! என்னா வேகமா வருது உனக்கு. முன்னாடில்லாம் ஒரு காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துப்ப.

டைரக்டர்: பழகிடுச்சு.

எடிட்டர்: அஞ்சாவது, ஹீரோ அறையுற அறை. மூணு பக்கத்துலேர்ந்து மூணு தடவை காட்டணும். ஆறாவது, பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ரீல்ஸுக்கு ஆகுற மாதிரி பதினஞ்சு செகண்ட் துண்டு ஒண்ணு...

டைரக்டர்: ரெண்டுமே சரி.

எடிட்டர்: யோசிக்கவே இல்லையே?

டைரக்டர்: யோசிச்சா மட்டும் மாறவா போகுது? அக்கா, என் முதல் படம் ஞாபகம் இருக்கா?

எடிட்டர்: இருக்காம என்ன? ஒரு கதவு சாத்துற சத்தம் சரியில்லைன்னு ரெண்டு நாள் என்னை வீட்டுக்கு விடல நீ. தயாரிப்பாளர் ஃபோன் பண்ணா ‘டைரக்டர் கதவுக்குப் பின்னாடி இருக்காரு’ன்னு சொல்லுவேன்.

டைரக்டர்: அந்தப் படம் மூணு நாள் ஓடிச்சு. மத்தியான ஷோவுக்கு நானே போய் கடைசி வரிசைல உக்காந்தேன். பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் ஏசிக்காக வந்தவங்க. ஒருத்தர் இடைவேளைல என்கிட்டயே வந்து, ‘இது எப்ப சார் முடியும்?’னு கேட்டாரு.

எடிட்டர்: நீ என்ன சொன்ன?

டைரக்டர்: ‘எனக்கும் தெரியல சார்’னு சொன்னேன்.

எடிட்டர்: ஹாஹா... பாவி!

டைரக்டர்: சிரிக்காதீங்க. அந்தக் கதவுச் சத்தத்தை யாருக்கா கேட்டாங்க? அப்புறம் நாலு வருஷம் வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். உங்கப்பா என்ன வேலை பாக்குறாருன்னு பையனை ஸ்கூல்ல கேட்டா அவன் ‘யோசிக்கிறாரு’ன்னு சொல்லுவான். படம் ஓடினாத்தான் அடுத்த படம். அடுத்த படம் இருந்தாத்தான் நான் டைரக்டர். இல்லன்னா வெறும் யோசிக்கிறவன்.

எடிட்டர்: நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் மட்டும் என்ன? போன மாசம் ஒரு படத்துல ஹீரோ திரும்பிப் பாக்குறதை பதினேழு தடவை ஒட்டினேன். கடைசில எனக்கே கழுத்து வலிச்சுது.

டைரக்டர்: அப்புறம் என்ன? படிங்க.

எடிட்டர்: முதல்ல அந்த பக்கெட்டைக் கொஞ்சம் தள்ளு, ஏசி தண்ணி ஒயர் மேல சொட்டுது... ம். எட்டு. அம்மாவை ஆஸ்பத்திரில சக்கர நாற்காலில தள்ளிட்டு வராங்கல்ல? அதை ஸ்லோமோஷன்ல போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, முடி பறக்கணும்.

டைரக்டர்: அம்மாவுக்கா?

எடிட்டர்: அம்மாவுக்குத்தான். வேணாம்னா சொல்லு, எழுதி அனுப்பிடுவோம்.

டைரக்டர்: இல்ல இல்ல... கிராஃபிக்ஸ்ல கிளாஸ் மாட்டிடலாம். முடி... வராண்டால ஃபேன் இருக்கும்ல?

எடிட்டர்: ஆஸ்பத்திரி ஃபேன் அவ்ளோ வேகமாவா சுத்தும்?

டைரக்டர்: தனியார் ஆஸ்பத்திரின்னு ஒரு போர்டு வெச்சுடலாம்.

எடிட்டர்: ஒன்பது. ஹீரோ எப்ப நடந்தாலும் பின்னாடி சிங்கம் உறுமணும்.

டைரக்டர்: சண்டையிலதானே?

எடிட்டர்: எப்ப நடந்தாலும். சமையல்கட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனாலும்.

டைரக்டர்: ...வீட்டுக்குள்ளன்னா கொஞ்சம் மெதுவா உறுமட்டும்.

எடிட்டர்: குடும்பஸ்தன் சிங்கம். பத்து. தாத்தா செத்துப்போற சீன். பொணத்தைத் தூக்குறப்ப அவர் கண்ணைத் திறக்கணுமாம். ரெண்டாம் பாகத்துக்கு ஆகும்னு.

டைரக்டர்: ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?

எடிட்டர்: நீ இதான் கேப்பியா?

டைரக்டர்: லிஸ்ட்ல என்ன போட்டிருக்கு?

எடிட்டர்: ஒரு கண்ணுன்னு இருக்கு.

டைரக்டர்: அப்போ ஒண்ணு போதும். இன்னொண்ணு ரெண்டாம் பாகத்துல.

எடிட்டர்: பதினொண்ணு. தங்கச்சி கேரக்டர் எடுபடல. அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு அங்கெல்லாம் ஒரு நாய் வெக்கணும்.

டைரக்டர்: நாயா?

எடிட்டர்: நாய்.

டைரக்டர்: ...அந்தப் பொண்ணு பாவம்க்கா. இதுதான் அதுக்கு முதல் படம். தினம் எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கும்.

எடிட்டர்: அப்போ வேணாம்னு சொல்லிடவா?

டைரக்டர்: இருங்க, இருங்க. நாய்னா... குழந்தைங்க வருவாங்க. குழந்தைங்க வந்தா குடும்பத்தோட வருவாங்க. அந்தப் பொண்ணை வேணா நாய்க்குக் குரல் குடுக்கச் சொல்லலாம். ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க?

எடிட்டர்: ஒண்ணுமில்ல. பன்னெண்டு. கடைசி.

டைரக்டர்: சொல்லுங்க.

எடிட்டர்: பெஞ்சு சீன்.

டைரக்டர்: பெஞ்சு சீனுக்கு என்ன?

எடிட்டர்: வேணாமாம்.

டைரக்டர்: ...எந்த பெஞ்சு சீன்?

எடிட்டர்: படத்துல எத்தனை பெஞ்சு இருக்கு? வேலைக்குப் போற மாதிரி காலைல கிளம்பி, அப்பா பார்க்ல போய் உக்காருவாரே. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாரு, மூடுவாரு. அஞ்சு மணி ஆகுற வரைக்கும் வாட்ச்சையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நாலு நிமிஷம்.

டைரக்டர்: என்ன காரணம் சொல்றாங்க?

எடிட்டர்: ஸ்லோவா இருக்காம்.

டைரக்டர்: ரெண்டு நிமிஷமா குறைச்சா?

எடிட்டர்: முழுசா தூக்கணுமாம்.

டைரக்டர்: அக்கா... அது எங்கப்பா.

எடிட்டர்: தெரியும். நீ சொல்லியிருக்க.

டைரக்டர்: பாதிதான் சொல்லியிருக்கேன். எனக்குப் பன்னெண்டு வயசு. ஸ்கூல் பஸ்ஸோட ஜன்னல்லேர்ந்து பாத்தேன். சட்டைய இன் பண்ணிக்கிட்டு, மடியில டப்பாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ‘இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே வேலை’ன்னாரு. நானும் ‘அப்படியாப்பா?’ன்னேன். ஏழு மாசம்க்கா. தினமும் அவர் ஒண்ணு சொல்லுவாரு, தினமும் நான் ‘அப்படியாப்பா?’ம்பேன். எனக்குத் தெரியும்னு இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது.

எடிட்டர்: ...இப்ப சொல்லலாமே.

டைரக்டர்: நேர்ல வாய் வரமாட்டேங்குது. அதான் படத்துல வெச்சேன். வெள்ளிக்கிழமை முதல் ஷோவுக்கு வராரு. புதுச் சட்டைகூட எடுத்துட்டாரு.

எடிட்டர்: அப்போ வேணாம்னு எழுதட்டுமா? ஒரே வரி. ‘பெஞ்சு சீன் இருக்கும்.’ நான் கையெழுத்துப் போடுறேன், நீ போட வேணாம். எழுதவா?

டைரக்டர்: அடுத்த படத்துக்குப் பெரிய ஹீரோவைப் பேசி வெச்சிருக்காங்கக்கா. ‘பிரச்சினை பண்ணாத டைரக்டர்’னு என்னைப் பத்தி அவர்கிட்ட சொல்லியிருக்காங்களாம்.

எடிட்டர்: ம்.

டைரக்டர்: அந்தப் படத்துல வெச்சுக்கலாம். வேற பெஞ்சு. இன்னும் பெருசா.

எடிட்டர்: பெஞ்சு பெருசாவா?

டைரக்டர்: சீன் பெருசாக்கா! ...தூக்கிடுங்க.

எடிட்டர்: நீயே அழுத்து. எனக்குக் கை வரல. இதோ, மஞ்சளா தெரியுது பாரு, இங்கேர்ந்து... இது வரைக்கும்.

டைரக்டர்: இந்த பட்டனா?

எடிட்டர்: அதேதான்.

டைரக்டர்: போயிடுச்சா?

எடிட்டர்: போயிடுச்சு.

டைரக்டர்: ஓட்டுங்க பாக்கலாம்... ம். தெரியலைல்லக்கா? முன்னாடி சீனும் பின்னாடி சீனும் அப்படியே ஒட்டிக்குது.

எடிட்டர்: நல்லாவே ஒட்டிக்குது. அங்க ஒருத்தர் உக்காந்திருந்தாருன்னே தெரியல.

டைரக்டர்: நாலு நிமிஷம் மிச்சம். இப்ப வேகமா... இருங்க, கம்பெனி மேனேஜர் கூப்பிடறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். சார், வணக்கம் சார்!

மேனேஜர்: வணக்கம். லிஸ்ட் என்னாச்சு? ஏதாவது தகராறு உண்டா?

டைரக்டர்: தகராறா? என்கிட்டயா? பன்னெண்டும் முடிச்சாச்சு சார்.

மேனேஜர்: பன்னெண்டா? நாங்க ஏழுதானே அனுப்பினோம்.

டைரக்டர்: ...

மேனேஜர்: ஹலோ?

டைரக்டர்: ஏழு சார்... ஏழும்தான் சொன்னேன். லைன் சரியா இல்ல.

மேனேஜர்: ஏழாவது, முதலாளி தன் கையாலயே எழுதினது. படிச்சீங்கல்ல?

டைரக்டர்: படிச்சேன் சார். ரொம்ப... ரொம்ப சரி சார்.

மேனேஜர்: சந்தோஷம். உங்களை மாதிரி எல்லா டைரக்டரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது. வெச்சுடறேன்.

டைரக்டர்: ...அக்கா, அந்தப் பேப்பரைக் குடுங்க.

எடிட்டர்: உன் போன்லயே கிடக்குதே. முந்தாநேத்து வந்தது. இன்னும் திறக்கலையோ?

டைரக்டர்: ...திறக்கல. வந்ததும் ‘எல்லாம் ஓகே சார்’னு பதில் போட்டுட்டேன்.

எடிட்டர்: எனக்குத் தெரியும். ஒண்ணாவது படிக்கிறப்பவே உன் மூஞ்சில தெரிஞ்சுது.

டைரக்டர்: எட்டுலேர்ந்து...?

எடிட்டர்: நானா சொன்னது. எங்கயாவது ஒரு இடத்துல ‘போதும்க்கா’ன்னு நீ எந்திரிப்பேன்னு பாத்தேன். பொணம் கண்ணு திறக்குறப்ப எந்திரிப்பேன்னு நெனச்சேன். நாய் வந்தப்ப நிச்சயம்னு நெனச்சேன்.

டைரக்டர்: அப்போ பெஞ்சு சீனைத் தூக்கச் சொன்னது கம்பெனி இல்லையா?

எடிட்டர்: இல்ல.

டைரக்டர்: ஏழாவதுல... முதலாளி கையால என்னக்கா எழுதியிருக்காரு?

எடிட்டர்: ‘எங்கப்பாவும் இப்படித்தான் பார்க்ல உக்காந்திருந்தாரு. அந்த பெஞ்சு சீன்ல மட்டும் யாரும் கை வைக்காதீங்க.’