கூடைக்குள் ஓடிய வீடியோ

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ். முன் சீட்டு இளைஞன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“வாசகர் வட்டக் கூட்டத்த வீடியோ எடுத்தேன் அண்ணாச்சி. ஒன்றரை மணி நேரமும் கூடைதான் தெரியுது.”

“என்ன கூடைலே?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“தலைவரோட பட்டாசு கம்பெனியிலதான கூட்டம். வாசல்லயே ஆன் பண்ணிட்டேன். உள்ள போன் கூடாதுன்னு வாட்ச்மேன் வாங்கி, எல்லாப் போனோடயும் கூடையில போட்டுட்டாரு. அது பாட்டுக்கு ஓடிருக்கு.”

“அழிச்சிர வேண்டியதான?”

“படம் இல்லாட்டியும் பேச்சாவது கேக்கும்னு தலைவரு வீடியோவத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிட்டாரு. நடுவுல போன் பேச வெளிய வந்தவுக அவரத் திட்டுனது அம்புட்டும் கேக்குது.”

அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் ரெண்டு தடவ போன் பேச வெளிய வந்தேனேலே.”

“ஆமா அண்ணாச்சி. அந்த எடத்த மட்டுந்தான் தலைவரு திரும்பத் திரும்பக் கேக்குறாரு.”