பரத்வாஜின் சர்வர் ஏன் எழுந்திருக்கவில்லை

காபியைக் குடி, ஷண்முகப்ரியா. இன்றைக்கு டிகாஷன் கொஞ்சம் தண்ணியாக இறங்கிவிட்டது. பரவாயில்லை, குடிக்கலாம்.

அடையாறில் உன் வீட்டுக்கு எடுத்துப்போன மெஷின் முதல் தடவையிலேயே எழுந்துவிட்டது என்கிறாய். அன்றிலிருந்து ஒரு தகராறும் இல்லை என்கிறாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. பரத்வாஜ் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கிச் சேர்த்த மெஷின் அது. அப்படியென்றால் இங்கே மயிலாப்பூரில் மட்டும் அதற்கு என்ன கேடு என்றுதானே கேட்கிறாய். சொல்கிறேன். நடுவில் பேசாதே.

நான் வங்கியில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. என் பிள்ளையும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் பிரிவு. காலையில் சர்வரை எழுப்புவதும், படுத்துக்கொண்டால் ஏன் படுத்தது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. ரிடையரான மறுநாளே இந்த வீட்டில் நான் ரசம் வைக்கிறவள் ஆகிவிட்டேன். போகட்டும்.

பரத்வாஜுக்கு ஒரு சிக்கல் வந்தால் யாரிடமாவது வாய்விட்டுப் பேசியாக வேண்டும். சமையல்கட்டு வாசலில் சாய்ந்துகொண்டு, நான் காய் நறுக்க நறுக்க ஒப்பிப்பான்.

"ஒரே பெட்டிதாம்மா. உள்ள நாலஞ்சு கம்ப்யூட்டர் குடித்தனம் இருக்குன்னு வெச்சுக்கோயேன். கிராஃபிக்ஸ் கார்டு வீட்டு ஓனர்கிட்ட இருக்கு. அதை ஒரு குடித்தனக்காரன் கையில அப்படியே தூக்கிக் குடுத்துடணும். குடுத்தப்புறம் ஓனரோட ஸ்கிரீன் கறுத்துடும். பயந்துடப்படாது. மெஷின் உயிரோடதான் இருக்கும்."

நான் 'ம்' கொட்டுவேன். எதை எதைச் சரிபார்த்துவிட்டான், எது அவன் புத்திக்கு இன்னும் எட்டவில்லை என்று தினமும் அவனே எனக்குச் சொல்லிவிடுவான்.

நீங்கள் இரண்டு பேரும் செய்தது நல்ல காரியம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போனவர்கள் சொல்வதை அந்த மெஷின் புரிந்துகொண்டு தெளிவாகத் திருப்பிச் சொல்லும். நோயாளிகளின் குரல் வெளியார் கம்ப்யூட்டருக்குப் போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொன்னதால்தான் அது இந்த வீட்டு அறைக்கு வந்தது. திருவல்லிக்கேணி மெஹபூப் அலியை முதல் தடவை உட்காரவைத்தபோது நானும் இருந்தேன். அவர் என்னமோ குழறினார். பெட்டி சொன்னது: "ஜைதூன், நீ சாப்ட்டியா?" அவர் சம்சாரம் ஜைதூன் பீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவன் சொன்னான். "டெமோ நன்னா போச்சுன்னா, ஆஸ்பத்திரிக்காரா கோயம்புத்தூர்ல எங்களுக்கு இடம் தர்றாம்மா. நானும் ப்ரியாவும் அங்கேயே போயிடறோம். நீ அப்பப்போ வந்துட்டுப் போ."

வந்துட்டுப் போ. பெற்றவளுக்கு இதுதான் மரியாதை. மூத்தவளை அமெரிக்காவுக்குக் கொடுத்தாயிற்று. அவள் தன் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது போன் திரையில். இந்த அடுக்குமாடியில் கதவைத் தட்டிப் பார், எல்லா வீட்டிலும் ஒரு கிழம், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா. எல்லோரும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு பிள்ளைகளை அனுப்பிவைத்தவர்கள். நான் தலையாட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அறை அடுப்பாகக் கொதிக்கிறது என்று காலையில் மெஷினை அணைத்துவிட்டுத்தான் அவன் குளிக்கப் போவான். குளித்து, சந்தியாவந்தனம் பண்ணிவிட்டு வர நேரமாகும். நான் மெஷினைப் போட்டு, அது எழுந்திருக்கும்போதே செட்டிங்குக்குள் போவேன். கார்டைக் கைமாற்ற ஓனருக்கு அனுமதி தரும் ஒரு ஸ்விட்ச் அங்கே இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, பழையபடி அணைத்துவிட்டு வந்து குக்கர் வைப்பேன். பாஸ்வேர்டு கிடையாது. வீட்டில் யாருக்குப் பயந்து பூட்டுப் போடுவான்?

முதல் நாள் உடனே கண்டுபிடித்துவிட்டான், கெட்டிக்காரன். ஆன் பண்ணினான், வேலை செய்தது. மறுநாள் மறுபடி ஆஃப். செட்டிங்கை நினைவில் வைக்கிற சின்ன பேட்டரி உள்ளே போய்விட்டது, அதனால்தான் மெஷின் மறந்துபோகிறது என்று பேட்டரியை மாற்றினான். பிறகு போர்டையே மாற்றினான். சில நாள் நான் தொடாமல் விட்டுவிடுவேன். அன்றைக்கெல்லாம் என்ன சந்தோஷமாக இருப்பான் தெரியுமா, இரண்டு தடவை சாதம் போட்டுக்கொள்வான்.

"நேத்து நான் ஆன் பண்ணினேனேம்மா" என்பான்.

"பண்ணினியா? நன்னா யோசிச்சுப் பாரு. சமயத்துல பண்ணணும்னு நினைச்சுண்டே விட்டுடுவோம்" என்பேன்.

ஒரு அதட்டல் உண்டா அதில்? ஒரு கடுஞ்சொல் உண்டா? பிறகு தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல், அணைக்கும் முன்னால் திரையைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். அவன் போனைத் திறக்க எனக்குத் தெரியும். போட்டோவை அழித்தேன். அதைத் தேடிக்கொண்டு கூடத்தில் போனும் கையுமாக நின்றான். கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதே. அவனுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு ரோஸ்ட் பண்ணிப்போட்டேன்.

டெமோ அன்றைக்கு அந்த ஸ்விட்சை நான் தொடவில்லை. அதைத்தான் முதலில் பார்ப்பான். பெட்டியைத் திறந்து கார்டைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிச் செருகினேன். அப்படிச் செய்தால் நெட்வொர்க் இணைப்புக்கு மெஷின் தனக்குள் வைத்திருக்கும் பெயரும் சேர்ந்து மாறிப்போகும், மெஷின் எழுந்திருக்கும், ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்லாது என்று அவனேதான் ஒருநாள் சொல்லியிருந்தான். திரை கறுத்தே கிடந்தது. டெமோ பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மெஹபூப் அலி பெட்டியைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். "இன்னா ஆச்சும்மா? அன்னிக்கு நல்லாத்தானே பேசிச்சு?" என்று ஜைதூன் பீ உன்னைத்தான் கேட்டாள். நீ பெட்டியைத் திறந்து, கார்டு இடம் மாறியிருக்கிறது என்றாய். பரத்வாஜ் உன்னைப் பார்த்து, "நான்தான் மாத்தியிருப்பேன் போலருக்கு" என்றான். நான் எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். மெஹபூப் அலி இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதமே அவருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அதை என் தலையில் கட்டாதே. அவர் வயசுக்கு வரக்கூடியதுதான்.

பரத்வாஜுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது வேளைக்குத் தூங்குகிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான். கோயம்புத்தூர் வேலை போனால் போகிறது, என் பென்ஷன் போதும். உள்ளேதான் இருக்கிறான். போய்ச் சொல்லேன், உன் அம்மாதான் செய்தாள் என்று. நான் தடுக்க மாட்டேன். "அம்மாமேல பழி போடாதே ப்ரியா, எல்லாம் என் கை" என்றுதான் சொல்வான். போன வாரம் தேவானை, எங்கள் வீட்டு வேலைக்காரி, லைட்டைப் போடச் சொன்னதற்குக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இதோ கூப்பிடுகிறான், கேட்டதா? "அம்மா, ஃபேனைப் போடேன். நான் தொட்டா கெட்டுடும்." நான் எழுந்துபோய்ப் போடும்வரை வேர்த்து வழிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஃபேனைக்கூடப் போட்டுக்கொள்ளத் தெரியாத பிள்ளை. இவனைத் தனியாகக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகப் பார்த்தாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?